விக்கிரவாண்டியில் நாலு டீ

கிளமெண்ட் டீ வாங்க இறங்கி நாற்பத்தொரு வருடம் ஆகிறது. டீ இன்னும் ஆறவில்லை.

நாங்கள் நடித்த படத்தில் இறங்கினான். படத்தின் பெயர் ‘நாலு கிடார் ஒரு ஸ்டெப்னி’. படத்தில் இரண்டு கிடார்தான் உண்டு. ஸ்டெப்னியில் காற்று இல்லை. பெரம்பூர்ப் பையன்கள் நாலு பேர் ஊட்டியில் நடக்கும் பாட்டுப் போட்டிக்கு வேனில் கிளம்பி, வழி தவறி, கன்னியாகுமரிக் கடலுக்குள் வேனை விட்டுவிடுகிறார்கள். ஆறு பாட்டு. ஆறும் ஒரே மெட்டு. இடுப்பில் எறும்பு ஏறினால் ஆடுவதுதான் ராக் அண்ட் ரோல் என்று டைரக்டர் கோதண்டபாணிக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

மட்டமான படம். தன்னடக்கத்தில் சொல்லவில்லை. டிரம்ஸ் வாசித்தது நான். பக்தவத்சலம் என்ற பெயரோடு.

விக்கிரவாண்டி டீக்கடையில் வேன் நிற்கும். கிளமெண்ட் இறங்கிப் போவான். அவன் திரும்பி வந்து ஏறுவதை எடுப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது. வேனுக்குள் எத்தனை பேர் என்று எவன் எண்ணப் போகிறான் என்றார் கோதண்டபாணி. மறுநாள் வேன் கிளம்பும் காட்சி. கிளமெண்ட் இன்னும் டீக்கடையில் இருந்தான். அவனைக் கூப்பிட வேண்டுமென்றால் அதற்கு ஒரு காட்சி வேண்டும். கதையில் அது இல்லை. கதையில் இருந்தது என்னுடைய வசனம். படம் முழுக்க எனக்கு அந்த ஒன்றுதான்.

“ரைட், போலாம்.”

சொன்னேன். போனோம். அவன் நின்றுவிட்டான்.

அந்த வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். டீக்கடை இடது பக்கம் வரும். நான் வலது பக்க ஜன்னலாகப் பார்த்து உட்காருவேன்.

நாலு நாள் ஓடிய படத்துக்கு இப்போது ரசிகர் மன்றம் இருக்கிறது. எங்காவது ஒரு ஹால் பிடித்துத் திரையிடுகிறார்கள். நாற்பத்தேழாவது நிமிடத்தில் வேன் கிளம்பியதும் எல்லோரும் எழுந்து, காலி கிளாஸைத் தூக்கிப் பிடித்து, டீ எங்கே என்று கேட்கிறார்கள். எல்லாம் படித்தவர்கள். மன்றத் தலைவர் மணிமொழியன் ‘வராத நான்காமவன்’ என்று ஆய்வேடு எழுதி முனைவர் ஆகிவிட்டார். இல்லாதவனின் இருப்பு பற்றி முந்நூறு பக்கம். வெளிச்சம் போய்விட்டது என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். அந்தப் புத்தகத்தில் கையெழுத்து கேட்டார். ‘ரைட், போலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சால்வை போர்த்தினார். வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் ஒரு கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. படத்தைத் துடைத்துச் சுத்தம் செய்து டிஸ்க்காகப் போடுகிறார்களாம். படத்தோடு சேர்ந்து ஒலிக்க என் பேச்சு வேண்டுமாம். டிஸ்க்கில் இப்படி ஒரு வசதி உண்டு. படம் அதுபாட்டுக்குக் கீழே ஓடும். மேலே ஒரு கிழவன் பேசிக்கொண்டிருப்பான். மேலே பேசுவது கீழே இருப்பவர்களுக்குக் கேட்கும். அதனால்தான் எல்லோரும் பாராட்டியே பேசுகிறார்கள்.

கடிதத்தின் கடைசி வரி சின்ன எழுத்தில் இருந்தது. செவ்வாய்க்கிழமை டிஸ்க் அச்சாகிவிடும். அதற்குப் பிறகு கிளமெண்ட் டீக்கடையில் நிரந்தரம்.

திங்கட்கிழமை காலை கம்பெனிக்குப் போனேன். ரெக்கார்டிங் அறை அந்த வராந்தாவின் கோடியில் என்றார்கள். நடந்தேன். வராந்தா ஓரத்தில் மைல்கல் இருந்தது. செங்கல்பட்டில் ஒரு குழாயில் தண்ணீர் குடித்தேன். திண்டிவனம் தாண்டி ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் பிரபாவதி என்ற அம்மாள். வேனில் இருந்தவர் நான்தான் என்பதற்குச் சான்று கேட்டார்.

“படத்துலயே இருக்கேனேம்மா.”

“அவருக்கு மீசை இருக்கு சார்.”

நியாயம்தான். பேனாவால் என் முகத்தில் மீசை வரைந்துவிட்டார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். படத்தில் உள்ள எந்தத் தவறையும் பேச்சால் திருத்த மாட்டேன் என்று உறுதி கூற வேண்டும். கையெழுத்துப் போட்டேன். நான் எதற்கும் கையெழுத்துப் போடுவேன்.

அறையில் மணிமொழியன் உட்கார்ந்திருந்தார், ரசிகர்கள் சார்பில் மேற்பார்வைக்கு. கோதண்டபாணியும் இருந்தார். அவர் இப்போது டேபிள் ஃபேனாக இருக்கிறார். ஒவ்வொருவரையும் பார்த்து, இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். பழக்கம் போகவில்லை.

படம் ஓடியது. நான் மைக்கில் பாராட்டினேன். முதல் பாட்டைப் பாராட்டினேன். அதையே மூன்று தடவை பாராட்டினேன். துடைத்த படத்தில் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. என் டிரம்ஸில் தோல் இல்லை. நாற்பத்தொரு வருடம் யாருக்கும் தெரியாமல் இருந்தது.

நாற்பத்தைந்தாவது நிமிடம் கிளமெண்ட் இறங்கினான். துடைத்த படத்தில் அவன் சட்டைக் காலர் கிழிந்திருந்தது தெரிந்தது. அது என் சட்டை.

மணிமொழியன் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

“வேணாம் சார். நாலாவது ஆள் வந்துட்டா இந்தப் படத்துக்கு அர்த்தமே இல்ல.”

“இப்ப இருக்கா?”

அவர் ஆய்வேட்டைப் புரட்ட ஆரம்பித்தார். திரையில் வேன் உறுமியது. மீசை வைத்த நான் ஜன்னலில் தலையை நீட்டி வாயைத் திறந்தேன்.

“இரு. அவன் வரட்டும்” என்றேன் மைக்கில்.

வேன் அணைந்தது. ஃபேன் நின்றது. கோதண்டபாணி முதல் தடவையாக ஒரே ஆளைப் பார்த்தார். என்னை.

படத்தில் எதுவும் நடக்கவில்லை. ரோட்டில் ஒரு ஆடு போயிற்று. படத்திலேயே நல்ல காட்சி அதுதான். பிறகு கடைக்குள்ளிருந்து கிளமெண்ட் வந்தான். இரண்டு கையிலும் இரண்டிரண்டு கிளாஸ். வயது இருபத்துமூன்று. வேனில் இருந்த இரண்டு பேருக்கும் கொடுத்தான். என் இடம் காலியாக இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்து கிளாஸை நீட்டினான். வாங்கினேன். சுட்டது. அப்போது நான் ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

“இன்னாடா பக்தா, லேட்டாய்டுச்சா? பால் வர்ற வரைக்கும் நில்லுன்னுட்டான்.”

“இல்லடா. இப்பதான் நின்னோம்.”

“தல இன்னாடா நரச்சிருக்கு?”

“மேக்கப்.”

ஒத்துக்கொண்டான். மீசையை மட்டும் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தான்.

குடித்தோம். சர்க்கரை அதிகம். இத்தனை வருடம் கழித்து அதைச் சொல்வது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டேன். இது மோசடி என்று மேலேயிருந்து மணிமொழியன் சொல்வது கேட்டது. எங்கள் எல்லோருக்கும் கேட்டது. யார்றா அது என்றான் கிளமெண்ட். ரசிகர் என்றேன். நமக்கா என்று கேட்டான். அவன் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு காலி கிளாஸ்களை வாங்கி விரலில் கோத்துக்கொண்டு கடைப் பக்கம் திரும்பினான். டீக்கடை கிளாஸ். திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

அவன் திரும்பி வரும் காட்சியையும் யாரும் எடுத்திருக்கவில்லை.

“குடு. நான் குடுத்துட்டு வரேன். நீ ஏறு.”

“நீ எதுக்குடா?”

“ஏறுடா.”

ஏறினான். என் இடத்தில், ஜன்னலோரம். நான் நாலு கிளாஸோடு நடந்தேன். கடைக்காரர் கிளாஸ்களை வாங்கி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து விரிசல் பார்த்தார். அவசரமே இல்லை அவருக்கு. முடிகிற வரைக்கும் நிற்கச் சொன்னார். நின்றேன். மேலே மணிமொழியன் வேனில் தலைகளை எண்ணி, மூன்றுதான், மூன்றுதான் என்று நிம்மதியாகச் சொன்னார்.

பின்னால் வேன் உறுமியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

“ரைட், போலாம்” என்றான் கிளமெண்ட்.

என்னைவிட நன்றாகச் சொன்னான்.