அண்ணிக்கு என்ன எழுதுவது

‘அண்ணன் டூட்டியில இருக்காரு அண்ணி’ என்று எழுதியதை விமல் அழித்தான். அண்ணன் இருப்பது அவனுக்கு எதிரே, பிணவறைக் கதவுக்கு அந்தப் பக்கம்.

ஷார்ஜா தொழிலாளர் கேம்ப்பில் அண்ணன் ஜெயமணி தூக்கத்திலேயே போய்விட்டார். இரவு டூட்டி முடிந்து அறைக்குத் திரும்பிய விமல்தான் எழுப்பிப் பார்த்தான். தினமும் வேலைக்கு பஸ் ஏறுமுன் அண்ணன் தன் மனைவிக்கு வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் அனுப்பிவிடுவார். இன்று அது போகவில்லை. ஊரிலிருந்து ஜோதிமணி அண்ணி விமலுக்கு எழுதியிருந்தாள்: ‘தம்பி, அவரு போன் எடுக்கல. என்னாச்சு?’

“சீரியஸ்னு போடு,” என்றார் கூட வந்த ரகுநாதன். வளைகுடாவில் பழம் தின்று கொட்டை போட்டவர். “நாளைக்கு மெதுவா மீதியச் சொல்லிக்கலாம். இங்க எல்லாரும் அப்படித்தான் பண்றது.”

‘அண்ணனுக்கு சீரியஸ்’ என்று எழுதினான். படித்ததும் அண்ணி கோயிலுக்கு ஓடுவாள். மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பாள். பிள்ளைகளையும் கும்பிடச் சொல்வாள். செத்துப்போனவருக்கு ஒரு நாள் முழுக்க வேண்டிக்கொண்டு கிடப்பாள். அந்தப் பாவம் யாருக்கு? அழித்தான்.

‘லேசா மயக்கம்.’ அழித்தான். ‘பயப்படாதீங்க’ என்று ஆரம்பித்தால் அதிலேயே பயந்துவிடுவாள். அதையும் அழித்தான். போனில் கூப்பிட்டால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். எந்தச் செய்திக்கும் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போகிறவன், ஒரு வரிக்கு வியர்த்து நின்றான். அண்ணனுக்காக இன்னும் அழவில்லை.

போன் அதிர்ந்தது.

‘டைப் பண்றதும் நிறுத்துறதுமா இருக்கீங்க தம்பி. பாத்துக்கிட்டேதான் இருக்கேன்.’

ரகுநாதன் எட்டிப் பார்த்தார்.

அடுத்ததும் வந்தது. ‘புள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள சொல்லிடுங்க. அதுக்குள்ள நான் அழுதுக்கணும்.’

விமல் மைக்கை அழுத்திப் பிடித்தான். “அண்ணி…” அதற்கு மேல் வரவில்லை. விரலை எடுத்ததும் அந்த ஒரு சொல் போய்விட்டது. அவள் கேட்டுவிட்டதற்கான நீலக் குறி உடனே விழுந்தது.

இப்போது அண்ணிதான் டைப் பண்ணுவதும் நிறுத்துவதுமாக இருந்தாள். பிறகு வந்தது.

‘அவர எப்ப கூட்டிட்டு வருவீங்க?’

விமல் போனை ரகுநாதனிடம் நீட்டினான். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். “பேப்பர் வேலை முடிஞ்சதும்னு போடு,” என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.