மோட்டர் ஏத்தியாச்சு

கலாதேவி பஞ்சை நனைத்துக் கணவரின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது அவருடைய கைத்தொலைபேசி மறுபடியும் அதிர்ந்தது. திரையில் அமினாவின் பெயர். எடுக்கப் பயந்து அதைக் கைப்பைக்குள் திணித்தாள்.

அவள் கணவர் உருத்திரமூர்த்தி, ஜெர்மனியின் பான் நகரத்து உதவி நிறுவனமொன்றில் நீர்ப் பொறியியலாளர். கானாவின் வடக்கே, அமினா மருத்துவிச்சியாக இருக்கும் ஊருக்கு, வெயிலில் ஓடித் தண்ணீர் இறைக்கும் மோட்டர் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். கிணறும் தோண்டியாயிற்று. அவர் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு, கூட வேலை செய்யும் துவாரகன் வந்து, அறை வாசலிலேயே கலாதேவியை மறித்துச் சொன்னான்:

"அக்கா, அரசாங்கம் காசை வெட்டிப்போட்டுது. இனி உதவி இல்லையாம், வியாபாரந்தானாம். முதல் போட ஒரு கம்பனி வந்தால்தான் மோட்டர். அண்ணைக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

அன்றிலிருந்து அமினாவின் அழைப்பு ஒன்றையும் அவள் எடுக்கவில்லை.

உருத்திரமூர்த்தி கண்ணைத் திறந்தார். "ஆர்... அமினாவோ?"

"ஓம்."

"மோட்டர்?"

"கப்பலில ஏத்தியாச்சாம். நீங்கள் யோசியாதேங்கோ."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நல்லது," என்றார். அவளுடைய கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் அந்தப் பிடி தளர்ந்துவிட்டது.

தாதி வந்து நாடி பார்த்தாள்; இல்லை. உயிர் போனால் செய்கிற அந்த ஊர் வழக்கப்படி ஜன்னலைத் திறந்துவிட்டு, டாக்டரைக் கூட்டிவரப் போனாள். கைப்பை அதிர்ந்தது. இந்தமுறை கலாதேவி எடுத்தாள்.

"மோட்டர்..." என்று ஆங்கிலத்தில் தடுமாறினாள்.

மோட்டர் வராதென்று தனக்குத் தெரியும் என்றாள் அமினா. போன வாரமே ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி அவர் அழைத்துச் சொல்லிவிட்டாராம். அலுவலகத்தில் யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். 'கலா பாவம், எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கட்டும்' என்றாராம்.

"நாங்கள் ஷியாக் கொட்டையில் எடுக்கும் வெண்ணெயை வாங்க ஒரு ஜெர்மன் கம்பனி வந்திருக்கிறது, மோட்டருக்கும் முதல் போடுமாம். கேட்பது அடிமாட்டு விலை. விடமாட்டோம், பேசிக்கொண்டிருக்கிறோம். நான் அவருடைய சுகம் கேட்கத்தான் எடுத்தேன். எப்படி இருக்கிறார்?"

"அவர்... பேசமாட்டார்," என்றாள் கலாதேவி.

"அவர் பேசாவிட்டால் பரவாயில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் என் பக்கத்தில் நிற்கிறார்கள். காதில் வையுங்கள்."

அவள் குனிந்து தொலைபேசியை அவர் காதோடு வைத்தாள். பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்தன. யாரோ சிரித்தார்கள்.

கதவைத் தட்டிக்கொண்டு தாதியும் டாக்டரும் வந்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றாள் கலாதேவி, தமிழில்.