அரளிப்பூ சொன்ன படிப்பு

பி.எஸ்ஸி. பரீட்சைக்குக்கூட குணசுந்தரி ஒரே பாடத்தை இத்தனை தடவை ஒப்பித்ததில்லை. மேலே படிக்க ஒன்றுக்கு இரண்டாக இடம் கிடைத்திருக்கிறது. துள்ளிக் குதிக்க வேண்டிய பெண். ஆனால் கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் அது என்ன படிப்பு என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு வாய் வறண்டுபோயிற்று.

"கை கால் பிடிச்சு விடுறதா?" என்பார்கள்.

"இல்ல. வாதம் வந்தவங்க, எலும்பு முறிஞ்சவங்க, இவங்கள மறுபடி நடமாட வைக்கிற வைத்தியம்."

"அதான, பிடிச்சு விடுறது. அதுக்கு எதுக்கு காலேஜி?"

வேலூரில் கிடைத்த படிப்புக்கே இந்த மரியாதை. பம்பாயில் கிடைத்ததை விளக்கப் போனால் இன்னும் மோசம். வேலூர்ப் படிப்பு முக்கியமாகக் காலை நடக்க வைப்பது. பம்பாய்ப் படிப்பு கையைப் பழையபடி வேலை செய்ய வைப்பது. சட்டைப் பொத்தான் போட, தலை பின்ன, சோறு பிசைந்து தின்ன, அவரவர் தொழிலைச் செய்ய. களிமண் உருட்டச் சொல்லி, நூல் நெய்யச் சொல்லி, அப்படியே விரல்களைப் பழக்குவார்கள். இதைக் கேட்டதும் அவள் தாய்மாமன் சிற்றம்பலம் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பொம்ம செய்யவும் கூடை மொடையவுமா பி.எஸ்ஸி. படிச்ச?"

சிற்றம்பலம் மாமா சிதம்பரத்தில் தாலுகா ஆபீஸ் கிளார்க். கடற்கரைக் குடும்பத்திலிருந்து கிளம்பி முதன்முதலில் சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்தவர். அன்றையிலிருந்து குடும்பத்தில் யாருக்கு என்ன என்றாலும் அவர்தான் முடிவு சொல்ல வேண்டும். அவர் வீட்டில் தங்கித்தான் குணசுந்தரி காலேஜ் படித்தாள். அப்பா பச்சமுத்துவைக் கேட்டால், "மச்சான் என்னா சொல்லுதோ அதான்" என்று கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். கடலில் அத்தனை தைரியசாலியான மனுஷன் கரையில் மச்சானைத் தாண்டி ஒரு வார்த்தை பேசமாட்டார்.

மாமாவுக்கு வேலூர் போதும். ராத்திரி ரயில் ஏறினால் காலையில் போய்ச் சேரலாம். பம்பாய் என்றாலே அவருக்கு ஆகவில்லை.

"போன வருஷம்தான் இந்தி ஒழிகன்னு தெருவுல கத்துன. இப்ப இந்திக்காரன் ஊருக்கே போறியா?"

"பம்பாயில மராத்தி மாமா."

"ஏதோ ஒண்ணு. தமிழ் இல்லல்ல?"

இப்படிப்பட்டவரிடம் என்ன வாதாடுவது? ஆனால் அவளை உண்மையில் வதைத்தது மாமா இல்லை, அம்மா.

அவள் அம்மா இருசம்மாள் கடலூர் மீன் மார்க்கெட்டில் பேர் வாங்கியவள். வஞ்சிரத்தைத் துண்டு போட உட்கார்ந்தால் அரிவாள்மனை போடும் சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரி பேச்சை நிறுத்திவிடுவாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் வலப்பக்கம் வாதம் அடித்தது. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் போட்டார்கள். அங்கே காலைச் சரி பண்ணி அனுப்பினார்கள். லேசாக இழுத்து இழுத்து நடந்து ஊருக்குள் வந்தபோது எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கையை யாரும் கேட்கவில்லை.

வலது கை மட்டும் வரவில்லை. இடது கையால் சாப்பிடுவதை யாரும் பார்க்கக்கூடாதென்று இருசம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்பாள். ஒரு நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத் தட்டை வாங்க இடது கையை நீட்டிவிட்டாள். தட்டைப் பிடித்திருந்தவள் அதை அடுத்தவள் பக்கம் திருப்பிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு இருசம்மாள் எந்த விசேஷத்துக்கும் போவதில்லை, மார்க்கெட்டுக்கும் போவதில்லை.

அந்த ஆஸ்பத்திரியில்தான் ஒரு மூலைக் கொட்டகையில் கை விளங்காத ஆட்கள் களிமண் உருட்டிக்கொண்டிருந்ததைக் குணசுந்தரி பார்த்தாள். அதை நடத்திய அம்மாள் பம்பாயில் படித்தவர். "கைக்கு வருஷக் கணக்கா பொறுமை வேணும்மா. இதுக்குப் படிச்ச ஆளுங்க நம்ம பக்கம் அதிகமில்ல" என்றார். அன்றைக்கே அவள் முடிவு பண்ணிவிட்டாள். பம்பாய்தான்.

ஆனால் இருசம்மாளுக்கு வேலூரும் வேண்டாம், பம்பாயும் வேண்டாம். "எங் கைய வெச்சு ஒண்ணும் நீ படிக்க வேணாம்" என்பாள். லீவுக்கு வரும்போதெல்லாம் குணசுந்தரி அப்பாவின் வலைநூலை அம்மாவின் மடியில் போட்டு முடிச்சுப் போடச் சொல்லுவாள். அம்மா அதைத் தூக்கி வாசலில் எறிவாள். "பைத்தியக்காரியாட்டம் குந்திக்கினு நூலு கட்டச் சொல்றியா என்னிய?" பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தால் மறுபடி எறிவாள். குணசுந்தரிக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிடும். யாருக்காக இந்தப் பாடு என்று கத்தவேண்டும்போல இருக்கும். கத்தியும் இருக்கிறாள்.

மாதக் கடைசிக்குள் பம்பாய்க்குப் பதில் போட வேண்டும். இல்லாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். மாமா கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"தில்லைக்காளி கோயில்ல பூக்கட்டிப் பாத்துடுவோம். வெள்ளரளி வந்தா வேலூரு. செவ்வரளி வந்தா பம்பாயி. அதுக்கப்புறம் நான் குறுக்க நிக்க மாட்டேன், நீயும் பேசக்கூடாது."

"எந்தப் படிப்பு நல்லதுன்னு அரளிப்பூவுக்கு என்ன மாமா தெரியும்?"

"சாமிய எதுத்துப் பேசாத" என்று மாமாவின் மனைவி லோகநாயகி அத்தை உதட்டில் விரலை வைத்தாள்.

ஆக, விலங்கியலில் முதல் வகுப்பில் தேறிய குணசுந்தரியின் மேற்படிப்பு வெள்ளிக்கிழமை காலை தில்லைக்காளி சந்நிதிக்குப் போயிற்று. அம்மாவும் அவளும் கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். வழி நெடுக அவள் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். வாயைத் திறந்தால் சண்டைதான் வரும்.

மாமா கோயில் வாசலில் இரண்டு நிறத்திலும் அரளி வாங்கினார், இலைக் கிழிசலும் வாழைநாரும் வாங்கினார். பொட்டலம் கட்ட அத்தையிடம் கொடுக்கப் போனார். அப்போது இருசம்மாள் நடுவில் வந்தாள்.

"எம் மவ விஷயம். நாந்தான் கட்டுவேன்."

"உனக்குக் கை வராதேக்கா."

"வர்ற மாதிரி கட்டுறேன். கொண்டா."

மாமா யோசித்தார். அக்காவுக்கும் எப்படியும் பம்பாய் ஆகாது என்ற நினைப்பில் கொடுத்துவிட்டார். இருசம்மாள் எல்லாவற்றையும் முந்தானையில் வாங்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்துத் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். வெகுநேரம் ஆயிற்று. மாமா இரண்டு தடவை எட்டிப் பார்க்கப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

குணசுந்தரிக்குத் தெரிந்துவிட்டது. தூணுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அவளுக்கா தெரியாது? பம்பாய் வரக்கூடாதென்று இரண்டிலும் வெள்ளையை வைத்துக் கட்டுகிறாள். கட்டட்டும். இந்தக் கையோடேயே கிடக்கட்டும். அப்படி நினைத்ததும் அவளுக்கே நெஞ்சு கசந்தது.

குருக்கள் இரண்டு பொட்டலங்களையும் அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டுத் தட்டை நீட்டினார். லோகநாயகி அத்தை கண்ணை மூடி ஒன்றை எடுத்து மாமாவிடம் கொடுத்தாள். மாமா பிரித்தார். பிரியவில்லை. நகத்தால் நோண்டினார், இழுத்தார், திருப்பிப் பார்த்தார். இழுக்க இழுக்க இறுகியது.

"என்னாக்கா கட்டு இது?"

குணசுந்தரி அப்போதுதான் அந்தக் கட்டைப் பார்த்தாள். வலை முடிச்சு. அப்பா கிழிந்த வலைக்குப் போடுகிற அதே முடிச்சு, கொஞ்சம் கோணலாக, ஆனால் அதேதான். இடது கை இழையைப் பிடித்துக்கொண்டிருக்க, வலது கை நூலை வளைத்துச் சுற்றி வீசி உள்ளே வாங்கி இறுக்க வேண்டும். ஒரு கையால் அதைப் போட முடியாது. கடற்கரையில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள்.

மாமா கடைசியில் பல்லால் கடித்து நாரை அறுத்தார். உள்ளே செவ்வரளி.

மாமா பூவைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சரி. அவளே சொல்லிட்டா. நான் என்னா பண்றது?" என்றார். கிளார்க் அல்லவா, அடுத்த நொடியே பம்பாய்க்கு எந்த ரயில், அரக்கோணத்தில் மாறணுமா என்று அவருக்கு வேலை வந்துவிட்டது. வேலூர் என்று இத்தனை நாள் குதித்த மனுஷன்தான்.

தட்டில் மிச்சமிருந்த பொட்டலத்துக்குக் குணசுந்தரி கையை நீட்டினாள். அதற்குள் இருசம்மாள் அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வலது கையால்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டமில்லை. பஸ் சிதம்பரத்தைத் தாண்டும்வரை குணசுந்தரி பொறுத்துப் பார்த்தாள்.

"அதக் குடும்மா."

"எத?"

"இடுப்புல இருக்கறத."

அம்மா கொடுத்தாள். குணசுந்தரி முடிச்சை அவிழ்க்காமல் இலையை ஒரு ஓரத்தில் கிழித்துப் பார்த்தாள். இதிலும் சிவப்புத்தான். அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எதற்குக் கோபம் என்றும் புரியவில்லை.

"எத்தன நாளா என் உயிர வாங்கின? வேணாம் வேணாம்னு! நூலத் தூக்கித் தூக்கிப் போட்டியே! போன்னு ஒரு வார்த்த சொன்னா ஆகாதா?"

"நான் சொன்னா உன் மாமன் கேப்பானா? அவ சொன்னாத்தான் கேப்பான்."

"அம்மன் கோவிச்சுக்காதா?"

"எதுக்குக் கோவிச்சுக்கும்? சாமியோட ஆட்டப் போட்டியில காலத் தூக்கி ஆட மாட்டாம தோத்துட்டு, ஊருக்கு வெளிய வந்து குந்திக்கினு கெடக்கறவ அவ. அவளுக்குத் தெரியாதா எஞ் சங்கதி?"

குணசுந்தரி அந்த முடிச்சை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எப்பம்மா கத்துக்கிட்ட?"

"நீ சிதம்பரம் போனப்புறம் வாசல்ல கெடந்தத எடுத்தேன். நீ பாக்கறப்ப போட்டு, அது வரலன்னா உன் மூஞ்சிய யாரு பாக்கறது? ஒரு முடிச்சுக்கு ஒரு பொழுது போயிடும். உங்கப்பனுக்குக்கூடத் தெரியாது."

பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியது. இருசம்மாள் மடியில் கிடந்த வலது கையை எடுத்து, யாருடைய கையோபோல ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். விரல்கள் பாதி மூடின, அதற்கு மேல் மூடவில்லை.

"முடிச்சு வந்துடுச்சு. மீனு அறுக்க வரல" என்றாள். "போயி அதப் படிச்சுக்கினு வா."