தடவி விடவும்

“எடுத்தியா இல்லையா, அதை மட்டும்—”

“உங்க மருந்தை நான் எதுக்குங்க—”

“அப்போ உன் விரல் எப்படி மடங்குது?”

“மடங்கக் கூடாதா? கல்லாவே கிடக்கணுமா?”

ஆராய்ச்சிக்கூடத்தின் வெளி அறையில் காத்திருந்தவர்கள் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார்கள். மனைவியைக் குடைந்துகொண்டிருந்த பெயின்டர் அதைச் சட்டை செய்யவில்லை. மாத்திரை அவர் வயிற்றைப் புண்ணாக்கியதால்தான், தோல் வழியாகவே வீக்கத்துக்குள் மருந்தை இறக்கும் இந்தப் புதுக் களிம்பின் சோதனைக்கு முழங்காலைக் கொடுத்திருந்தார். ஐந்து வாரம் ஆகிவிட்டது. இன்றும் வீக்கம் குறையவில்லையென்றால் சோதனைப் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் ஏணி ஏற முடியாது. ஏணி ஏறாத பெயின்டர் வெறும் வேடிக்கை பார்ப்பவர்.

வீக்கம் இம்மியும் குறையவில்லை. ஆனால் தையல் வேலை செய்யும் மனைவியின், நாலு வருஷமாக ஊசி பிடிக்க முடியாமல் வீங்கிக் கிடந்த விரல்கள், போன வாரம் ஒரே நாளில் ஆறு சட்டைக்குக் காஜா எடுத்தன. அன்றைக்கே அவர் மனதில் முள் தைத்தது. தடவும் நேரம் தவிர டியூபைத் தலையணைக்கடியிலேயே வைத்துக்கொண்டார். மூடியும் டியூபும் சேரும் இடத்தில் பென்சிலால் கோடும் போட்டார். கோடு அசையவில்லை, சந்தேகமும் அசையவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். மருந்தாளுநர் பெண் டியூபை நிறுத்துப் பார்த்தாள். எவ்வளவு மிஞ்சியிருக்க வேண்டுமோ அவ்வளவும் இருந்தது.

“வேற எதையாவது ரொப்பி வச்சிருப்பா. கெட்டிக்காரி.”

மனைவி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தினமும் எப்படித் தடவுகிறார் என்று கேட்டாள் மருந்தாளுநர்.

“நான் எங்க தடவுறேன்? இவதான். உங்க தாள்லயே போட்டிருக்கே.”

நாலாக மடித்த தாளை நீட்டினார். ‘முழங்காலில் மெல்லியதாகத் தடவி விடவும்.’

எழுதியவள் அந்த மருந்தாளுநரேதான். தடவி, அப்படியே விட்டுவிட வேண்டும் என்று நினைத்து எழுதியிருந்தாள். பெயின்டரோ, இன்னொருவர் தடவி விட வேண்டும் என்று படித்திருக்கிறார். மனைவியும் வேளை தவறாமல், மடங்காத விரல்களால் அழுத்த முடியாமல், விரல் கணுக்களாலேயே அரை மணி நேரம் தேய்த்துத் தேய்த்து விட்டிருக்கிறாள். களிம்பு ஏடு போலப் படிந்து காய்ந்தால்தான் மருந்து உள்ளே இறங்கும். முழங்காலில் அது காயவே இல்லை. காய்ந்ததெல்லாம் அவள் விரல் கணுக்களில்.

“மருந்து நல்லாத்தான் வேலை செய்யுது. ஆள்தான் மாறிப்போச்சு” என்றாள் மருந்தாளுநர், குரல் இறங்கி.

தப்பு தன்னுடையது என்பதால் பெயரை அடிக்கவில்லை. இன்னும் மூன்று வாரம் பார்க்கலாம், ஆனால் இனி அவரேதான் தடவிக்கொள்ள வேண்டும், வீட்டில் வேறு யார் கையும் படக் கூடாது என்று சொல்லிப் புது டியூபைக் கொடுத்தாள்.

பெயின்டர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மனைவியை நிமிர்ந்து பார்க்கும் துணிச்சல் அவருக்கு வரவில்லை. அவள் விரல்களை ஒரு முறை மடக்கி, விரித்தாள்.

“அப்போ என் விரலுக்கு இனிமே யாருங்க தடவி விடுவாங்க?”