கைப்பையில் இருந்த சாவி

மறதிக்காக யாருக்காவது மாலை போடலாம் என்றால் எனக்குத்தான் போட வேண்டும். அந்தச் சனிக்கிழமை மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். அதனால்தான் என் மனைவி இன்றைக்கும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும்.

எங்களுடையது ஒரு நாடகக் குழு. பகலில் நான் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர், மாலையில் ராஜா. இன்னொருத்தர் தையல்காரர், மாலையில் மந்திரி. வருடத்துக்கு ஒரு நாடகம் போட்டு, வரும் வசூலை எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிடுவோம். போதாததற்கு மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் அந்த ஆஸ்பத்திரிக்கே போய் நோயாளிகளாக நடிப்போம். சிரிக்காதீர்கள். நர்சிங் மாணவிகள் நிஜ நோயாளியிடம் போவதற்கு முன்னால் எங்களிடம் பேசிப் பழகுவார்கள். ஆளுக்கொரு தாள் கொடுப்பார்கள். என்ன வியாதி, எங்கே வலி, என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கும். திரை கட்டிய தடுப்புக்குள் உட்கார்ந்து நாங்கள் வெளுத்து வாங்குவோம்.

குழுவில் என்னை ‘ராஜபார்ட்’ என்று கூப்பிடுவார்கள். ஆனால் அந்த வருடம் எங்கள் குழுத் தலைவர், வாத்தியார் என்போம், ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

“ஆஸ்பத்திரியில யாரு அடக்கி நடிக்கிறாங்களோ, அவங்களுக்குத்தான் இந்தத் தடவை ராஜா வேஷம். ராஜபார்ட்டு, உங்களைத்தான் சொல்றேன். போன மாசம் கால் சுளுக்குக்கு நீங்க போட்ட கூச்சல்ல பிரசவ வார்டுல இருந்து ஆள் ஓடி வந்துச்சு.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பன்னிரண்டு வருடமாக நான் உட்கார்ந்த சிம்மாசனம். விடுவேனா? அந்த மாதம் எனக்கு வந்தது நெஞ்சுவலித் தாள். ஒரு வாரம் முழுக்க வீட்டுக் கூடத்தில் ஒத்திகை பார்த்தேன். மார்பைப் பிடித்துக்கொண்டு சோபாவில் விழுந்தேன், எழுந்தேன், திரும்பவும் விழுந்தேன்.

என் மனைவி துணி மடித்துக்கொண்டே பார்த்தாள். “ஏங்க, நெஞ்சு வலிக்கிறவங்களால இவ்வளவு சத்தம் போட முடியாதுங்க.”

“உனக்கென்ன தெரியும்? பேசாம துணியை மடி.”

அவள் அடுத்த சட்டையை எடுத்து மடித்தாள்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியில் என் தடுப்பில் உட்கார்ந்து தாளைப் பிரித்தால் எழுத்தெல்லாம் புழுப் புழுவாக நெளிகிறது. கண்ணாடி இல்லை. எங்கள் குடியிருப்பு ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில்தான். உடனே வீட்டுக்கு போன் போட்டேன்.

“கண்ணாடியை எடுத்துக்கிட்டு ஓடி வா. வழக்கம்போல சாவியைத் தேடிக்கிட்டு நிக்காதே!”

அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் வீடும் மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. கடைக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் இவள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் படியிலேயே உட்கார்ந்து கைப்பையைக் குடைவாள். முன்னால் ஏறிவிட்ட நான் பூட்டிய கதவருகே நின்று, கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, “இன்னைக்கும் சாவியா? ஒரு சாவியை ஒழுங்கா வைக்கத் தெரியலையே!” என்று கத்துவேன். ஒரு வருடமாக இதே கூத்து.

கண்ணாடி வருவதற்குள் என் முறை வந்துவிட்டது. என் தடுப்புக்கு வந்த மாணவி பாவம், சின்னப் பெண். தாள்தான் தெரியவில்லையே தவிர மனப்பாடமாக நன்றாகத்தான் தொடங்கினேன். அடக்கித்தான் நடித்தேன், சத்தியமாக. நடுவில் கொஞ்சம் மெய்மறந்து நாற்காலியோடு சாய்ந்துவிட்டேன், அவ்வளவுதான். அவள் பதறாமல் என்னைத் தூக்கி உட்கார வைத்து, ஏதோ எழுதிவிட்டுப் போய்விட்டாள். எட்டிப் பார்த்த வாத்தியாரிடம் “என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டேன்.

“வாயுத் தொல்லையா இருக்கலாம்னு எழுதியிருக்கு.”

சிம்மாசனம் போச்சு. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் பக்கத்துத் தடுப்பிலிருந்து அந்தக் குரல் கேட்டது. என் மனைவியின் குரல்.

நடந்தது என்னவென்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரி லிஃப்ட் பழுது. நான் விரட்டிய விரட்டில் மூன்று மாடியும் ஏறி, வேர்த்து விறுவிறுத்து வாசலில் வந்து நின்றிருக்கிறாள். தையல்காரர் வரவில்லை, அவருக்குப் பதில் தெரிந்தவர் யாரோ வருவார் என்று வாத்தியார் டீச்சரிடம் சொல்லியிருந்தார்; வருவது யார் என்று அவருக்கே தெரியாது, என் மனைவியையும் அவர் பார்த்ததில்லை. நர்சிங் டீச்சர் இவளைப் பார்த்ததும், “வாங்கம்மா, உங்களுக்காகத்தான் காத்திருக்கோம், கேக்கறதுக்கு பதில் சொன்னா போதும்” என்று உட்கார வைத்துவிட்டார். மறுத்துப் பேச இவளுக்கு மூச்சு இல்லை.

“எப்போ இருந்தும்மா இப்படி?” மாணவியின் குரல்.

“ஒரு வருஷமா.”

“எங்கே வலிக்குது?”

“வலின்னு இல்லம்மா. யாரோ நெஞ்சு மேல உக்காந்த மாதிரி. தாடை வரைக்கும் இழுக்கும். மாடி ஏறினா வரும், உக்காந்தா போயிடும். இன்னைக்குத்தான் உக்காந்தும் போக மாட்டேங்குது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வசனம்! ஒரு வாரம் நான் உருப்போட்டதைக் காதில் வாங்கிக்கொண்டு இங்கே வந்து ஒப்பிக்கிறாள். அதுவும் என்னைவிட நன்றாக. திரை ஓரமாக நின்றிருந்த வாத்தியார், ‘பார்த்தீர்களா, இதுதான் நடிப்பு’ என்பதுபோல என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“மாடி ஏறும்போது வந்தா என்ன செய்வீங்க?”

“ரெண்டாவது மாடியில உக்காந்துடுவேன். யாராவது பார்த்தா என்னன்னு கேப்பாங்களே? அதான் பையில சாவி தேடற மாதிரி தேடிக்கிட்டிருப்பேன். சாவி கையிலேயேதான் இருக்கும்.”

இது என் தாளில் இல்லை. யாருடைய தாளிலும் இல்லை.

“இதை வீட்டுல யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களாம்மா?”

“யாரும் கேக்கலையேம்மா” என்றாள்.

திரையைக் கிழிக்காத குறையாகத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தேன். “ஐயோ! இது நடிப்பு இல்லை! டாக்டரைக் கூப்பிடுங்க! யாராவது ஓடுங்க!”

தடுப்புகளுக்கு வெளியே கைதட்டல் கேட்டது. நிஜமாகத்தான் சொல்கிறேன், கை தட்டினார்கள். நர்சிங் டீச்சர் சிரித்துக்கொண்டே, “சார், உங்க முறை முடிஞ்சாச்சு, வெளியில உக்காருங்க” என்றார். வாத்தியார் என் சட்டையைப் பிடித்து இழுத்து, “ராஜபார்ட்டு, அடுத்தவங்க காட்சியில நுழையாதீங்கன்னா!” என்று பல்லைக் கடித்தார்.

பன்னிரண்டு வருடம் கத்திக் கத்திச் சம்பாதித்த பெயர். அது அன்றைக்கு என் மனைவியின் உயிருக்குக் குறுக்கே வந்து நின்றது. இன்னும் கத்தினால் இன்னும் தட்டுவார்கள் என்று புரிந்தபோது கத்துவதை நிறுத்தினேன்.

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கையைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. டீச்சரைப் பார்த்துச் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“டீச்சர், இவங்க எங்க குழு ஆள் இல்ல. என் சம்சாரம். கண்ணாடி கொடுக்க வந்தா. இவளுக்கு நடிக்கத் தெரியாது.”

டீச்சரின் சிரிப்பு அப்படியே நின்றது. அதற்குள் அந்த மாணவி நாடி பார்த்துக்கொண்டே, “மேடம், நானும் அதான் பார்க்கிறேன். வேர்வை நிஜம்” என்றாள். அப்புறம் சக்கர நாற்காலி வந்தது, ஆட்கள் ஓடினார்கள். அத்தனை களேபரத்திலும் இவள் கைப்பைக்குள் கையை விட்டு என் கண்ணாடியை எடுத்து என் சட்டைப் பையில் செருகினாள்.

ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு. இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. முடிக்க வேண்டாம் என்று நானும் கும்பிட்டுவிட்டேன். ஸ்டென்ட் வைத்து ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வாத்தியார் பழக் கூடையோடு பார்க்க வந்தார். “அன்னைக்குக் கடைசியில பேசினீங்களே, அதுதான்யா அடக்கம். ராஜா வேஷம் உங்களுக்குத்தான்.”

“அதைத் தையல்காரருக்குக் கொடுங்க” என்றேன். எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. “எனக்கு நோயாளிகிட்ட கேக்க அந்த மாணவிங்க வச்சிருக்கிற கேள்வித்தாள் ஒண்ணு வேணும். வாங்கித் தர முடியுமா?”

வாங்கித் தந்தார். இப்போது அது எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

நேற்று மருந்துக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள் நின்றாள். பையும் சாவியும் என் கையில் இருந்தன. தேடுவதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. படியில் உட்கார்ந்தாள், நானும் உட்கார்ந்தேன்.

“நெஞ்சுல ஏதாவது பண்ணுதா?”

“இல்லீங்க. மூட்டுதான்.”

“எப்போ இருந்து?”

“நாலு நாளா.”

“யார்கிட்டயாவது சொன்னியா?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இப்பத்தானே கேக்கறீங்க” என்றாள்.