ஆட்ரா லண்டைப் பற்றிய பத்தி

வடக்கு டகோட்டாவில் ஹால்வர் ஊரின் வாரப் பத்திரிகையில் இருபத்தாறு வருடமாக விளையாட்டுப் பக்கத்தை எழுதிவந்தவள் மார்லிஸ் வெட்டர். ஒவ்வொரு மார்ச் மாதமும் உயர்நிலைப் பள்ளிப் பெண்களின் மாநிலக் கூடைப்பந்துப் போட்டிக்கு அவள் முன்னோட்டம் எழுத வேண்டும். எட்டு அணிகள், எட்டுப் பயிற்சியாளர்கள். எட்டுப் பேரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "எங்க பொண்ணுங்க நல்லா உழைச்சிருக்காங்க. ஒவ்வொரு ஆட்டமா பாத்துக்குவோம்." போன் போடுவதற்கு முன்பே மார்லிஸ் அதை அடித்து வைத்துவிடுவாள். யாராவது வேறு மாதிரி பேசினால்தான் திருத்துகிற வேலை.

இந்த வருடம் அப்படி எழுத முடியவில்லை. முப்பத்தோரு வருடத்துக்குப் பிறகு ஹால்வர் பெண்களே மாநிலப் போட்டிக்குப் போகிறார்கள். வங்கியில் எல்லோரும் அணியின் நிறமான பச்சையில் சட்டை போட்டிருந்தார்கள். பத்திரிகை ஆசிரியர் டுவேன் கிட்டில்சன் நான்கு பக்கச் சிறப்பிதழ் என்று சொல்லி, ட்ராக்டர் கடையிலிருந்து சவப்பெட்டிக் கடை வரைக்கும் வாழ்த்து விளம்பரம் வாங்கிவிட்டான்.

இத்தனைக்கும் காரணம் ஆட்ரா லண்ட் என்கிற பதினேழு வயதுப் பெண். ஆட்டத்துக்கு இருபத்திரண்டு புள்ளி எடுப்பவள். இரண்டு வருடம் முன்பு அம்மாவோடு ஊருக்கு வந்தாள். அம்மா ட்ரூடி முதியோர் இல்லத்தில் சமையல் வேலை பார்த்தாள். மகள் ஆடும்போது மேல் வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில் உட்காருவாள். ஆட்டம் முடிந்ததும் முதலில் வெளியே போவதும் அவள்தான்.

ஆட்ரா எங்கிருந்து வந்தாள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. மார்லிஸ் அதைக் கண்டுபிடித்தாள். பழைய பத்திரிகைகளை இணையத்தில் துழாவிக்கொண்டிருந்தபோது பக்கத்து மாநிலமான மொன்டானாவில் ஒரு சின்ன ஊர்ப் பத்திரிகையில் ஒரு படம் அகப்பட்டது. எட்டாம் வகுப்புப் பெண், இடது கையால் பந்தை எறிகிறாள், முழங்கை ஆட்ராவுக்குப் போலவே கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கிறது. ஒரே ஆட்டத்தில் நாற்பத்தோரு புள்ளி. பெயரும் ஆட்ரா, குடும்பப் பெயர்தான் வேறு.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் மார்லிஸ் அவளிடம் கேட்டாள். "மொன்டானால நாப்பத்தொண்ணு எடுத்தது நீதானே?"

ஆட்ரா தண்ணீர் பாட்டிலை மூடித் திறந்துகொண்டிருந்தாள். "ஆமா. ஆனா அதெல்லாம் எழுத வேணாமே."

"இப்படி வெக்கப்பட்டா எப்படிம்மா? ஊரே பெருமைப்படும்."

ஆட்ரா பாட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கூச்சம் என்று மார்லிஸ் நினைத்துக்கொண்டாள். அன்று மாலையே எழுதி முடித்தாள். இரண்டு குடும்பப் பெயர்களும், மொன்டானா ஊரும், ஹால்வர் பள்ளியும், அரைப் பக்கத்துக்குப் படமும். போட்டிக்கு வரும் எட்டு ஊர்ப் பத்திரிகைகளும் தங்கள் அணியைப் பற்றி எழுதியதை மற்றவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். வெள்ளிக்கிழமை காலை மார்லிஸ் தன்னுடையதை ஏழு பேருக்கும் அனுப்பினாள். வெகுநாளைக்குப் பிறகு தன் எழுத்து தனக்கே பிடித்திருந்தது.

திங்கட்கிழமை மதியம் ட்ரூடி பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தாள். சமையலறை ஏப்ரனுக்கு மேல் குளிர்க் கோட்டு போட்டிருந்தாள். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"ஆட்ரா நேத்து ராத்திரிதான் சொன்னா. நீங்க மொன்டானாவப் பத்திக் கேட்டீங்கன்னு. அவ பேரு பேப்பர்ல வர வேணாம். படமும் வேணாம்."

"இத்தனை நாளா வந்துக்கிட்டுத்தானே இருக்கு, ட்ரூடி?"

"லண்டுன்னு வந்துச்சு. இங்க கல்ல விட்டெறிஞ்சா ஒரு லண்டு மேல விழும். என் அப்பா பேரு அது. அதுல எங்களைத் தேட முடியாது." அவள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். "பழைய பேரு அவ அப்பாவோடது. அவருக்கு நாங்க எங்க இருக்கோம்னு தெரியாது. தெரியக் கூடாது."

மார்லிஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "புதன்கிழமைதான் பேப்பர். எடுத்துடறேன்," என்றாள். பிறகு மிச்சத்தையும் சொல்லியாக வேண்டியிருந்தது. "வெளியூர்ப் பேப்பர் ஏழுக்கும் அனுப்பிட்டேன். இப்பவே போன் பண்றேன். இங்கயே இருங்க."

ட்ரூடி அப்போதும் உட்காரவில்லை. ஆறு பேர் உடனே எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். ஏழாவது ஊரின் ஆசிரியர் சின்ன வயதுக்காரர், உற்சாகமாகப் பேசினார்.

"ஐயோ, அதை நான் சனிக்கிழமையே எங்க இணையதளத்துல போட்டுட்டேனே. பிரமாதமாப் போயிருக்கு. ரெண்டாயிரம் பேருக்கு மேல படிச்சிருக்காங்க. மொன்டானாக்காரங்ககூடப் பகிர்ந்திருக்காங்க."

எடுத்துவிடச் சொல்லி மார்லிஸ் போனை வைத்தபோது ட்ரூடி கதவருகே போயிருந்தாள். அவள் கேட்டது ஒன்றுதான். "எத்தனை பேரு பாத்துட்டாங்க?"

மார்லிஸ் சொன்னாள். ட்ரூடி தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

டுவேன் பின்னறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தான். எப்போதும் கிண்டலடிப்பவன் அன்று விளம்பரப் பட்டியலை எடுத்துக்கொண்டு வந்தான். "பத்தியை எடு. படத்தையும் எடு. விளம்பரக்காரங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீ அந்தம்மா வீட்டுக்குப் போ."

ட்ரூடியின் வாடகை வீட்டு வாசலில் காரின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு பெட்டிகள். ஆட்ரா படிக்கட்டில் பச்சைச் சீருடையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மார்லிஸ் அவளைத் தாண்டிப் போகத் தயங்கி அங்கேயே நின்றாள்.

"ஷெரீஃப்கிட்டப் பேசறேன். போட்டி நடக்கற மைனாட் அரங்கத்துல வாசலுக்கு வாசல் போலீஸ் நிக்கும். அவ ஆடலாம், ட்ரூடி."

"கோர்ட்டு உத்தரவே இருக்கு, மார்லிஸ். அவர் எங்க பக்கமே வரக் கூடாதுன்னு. போன தடவை வந்தப்ப அதை மடிச்சுச் சட்டைப் பையிலயே வெச்சிருந்தாரு. என்கிட்ட எடுத்துக் காட்டினாரு."

ஆட்ரா நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, வியாழக்கிழமை ஒரு ஆட்டம். ஒண்ணே ஒண்ணு. அப்புறம் எங்க வேணா போலாம்."

"இல்லடா."

"டீம்ல எட்டு பேருதான் இருக்காங்க. நான் இல்லன்னா பிரிட்டாதான் பந்தைக் கொண்டுபோகணும். அவளுக்கு இடது பக்கம் வரவே வராது."

ட்ரூடி ஒரு துணி மூட்டையைக் காருக்குள் அழுத்தினாள். மார்லிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மன்னிச்சிடும்மா என்றாள் போலிருக்கிறது. பெண் அவளைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, சலிப்புதான் இருந்தது. "எழுத வேணாம்னு சொன்னேன்ல," என்றாள்.

"சொன்ன."

ஆட்ரா சீருடையை மடித்து அவள் கையில் கொடுத்தாள். "கோச்கிட்ட குடுத்துடுங்க. துவைச்சதுதான்."

செவ்வாய்க்கிழமை காலை அந்த வீடு பூட்டிக் கிடந்தது.

சிறப்பிதழ் புதன்கிழமை வந்தது. அரைப் பக்கத்தில் பிரிட்டாவின் படம். எட்டு அணிகளின் பலம், பலவீனம், யார் யாரோடு மோதுவார்கள் எல்லாம் இருந்தன. ஹால்வரைப் பற்றி எழுதிய இடத்தில் இருபத்திரண்டு புள்ளிக்காரி இல்லை. காப்பிக் கடையில் பச்சைச் சட்டைகள் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தன.

"பயந்துட்டா. வேற என்ன? பெரிய அரங்கத்தை நினைச்சதும் காலு நடுங்கியிருக்கும்."

"அம்மாக்காரிக்கு ஊர் ஊராச் சுத்தறதுதான் பொழைப்பு. நாமதான் கொண்டாடினோம்."

மார்லிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். "அந்தப் பொண்ணு ஆடணும்னுதான் கெஞ்சினா. அவ போனதுக்குக் காரணம் நான். நான் எழுதின ஒண்ணு. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

முப்பது வருடமாக அவளோடு தேவாலயத்தில் பாடும் பெவர்லி தன் கோப்பையை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனாள்.

வியாழக்கிழமை மைனாட்டில் ஹால்வர் பெண்கள் ஆறு புள்ளியில் தோற்றார்கள். பிரிட்டா அழுதுகொண்டே கடைசி நிமிடம் வரை பந்தைக் கொண்டுபோனாள். மார்லிஸ் பத்திரிகையாளர் மேசையில் உட்கார்ந்து எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஒருவர் எதிரே வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். சுத்தமாகச் சவரம் செய்த முகம், கையில் போட்டியின் விவரப் புத்தகம். தொப்பியைக் கழற்றினார்.

"நீங்கதான் மார்லிஸ் வெட்டரா? ஆட்ராவப் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். ரொம்ப அழகா எழுதியிருந்தீங்க. நான் அவ அப்பா."

மார்லிஸின் கை பேனாவின் மேலேயே இருந்தது.

"பதினொரு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்தேன். இந்தப் புத்தகத்துல அவ பேரு இருக்கு, ஆளைத்தான் காணோம். உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அவ இங்க இல்ல."

"எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றாள் மார்லிஸ். அது உண்மையாக இருந்ததற்கு அவள் அந்த நேரத்தில் நன்றி சொல்லிக்கொண்டாள்.

அவர் சிரித்தார். "உங்கள மாதிரி ஆளுக்கா தெரியாது? எங்க ஊர்ப் பழைய பேப்பரை எல்லாம் தோண்டி எடுத்தவங்க. தெரிஞ்சா சொல்லுங்க." ஒரு சீட்டில் போன் எண் எழுதி மேசைமேல் வைத்துவிட்டு நிதானமாக நடந்து போனார்.

மார்லிஸ் எழுந்து வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் ஓடினாள். அவர் வெளியே போய் அந்த ஆளை நிறுத்திப் பேசினார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். "அந்த உத்தரவு அவங்க ரெண்டு பேரும் இருக்கற இடத்துக்குத்தான். இங்க அவங்க இல்லையேம்மா. வண்டி நம்பரைக் குறிச்சுக்கிட்டேன்." மார்லிஸ் அந்தச் சீட்டை அவரிடம் கொடுத்துவிட்டு மேசைக்குத் திரும்பினாள். அப்புறம் ஆட்டத்தைப் பற்றி எழுதினாள். எழுதித்தானே ஆக வேண்டும்.

மே மாதக் கடைசியில் தபால் நிலையத்தில் கோச் அவளைப் பார்த்தார். சுற்றிலும் ஒரு முறை பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார். "ஆட்ராவோட மதிப்பெண் தாள் கேட்டு எங்க பள்ளிக்கு ஒரு பள்ளிக்கூடத்துலேர்ந்து கடிதம் வந்திருக்கு. வேற பேர்ல சேந்திருக்கா."

மார்லிஸ் கையிலிருந்த கடிதங்களை அடுக்கினாள். எந்த ஊர் என்ற கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"பந்து ஆடறாளாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"அது கடிதத்துல இல்ல," என்றார் கோச்.