மிஷினுக்கு வைத்த பொட்டு

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் சிவபிரகாஷ் போட்டிருக்கும் பசுமைக்குடிலில் தக்காளிப் பூவைத் தட்டிவிடுவதுதான் எங்கள் வேலையாக இருந்தது. உள்ளே தேனீ கிடையாது, காற்றும் கிடையாது. கையால் அசைத்துவிட்டால்தான் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். பெண்கள் ஒரு கூட்டமே செய்துகொண்டிருந்தோம். அப்புறம் சக்கரம் வைத்த ரோபோ ஒன்று வந்தது. கேமராக் கண்ணால் பூவைத் தேடி, கையை நீட்டி, அதுவே அசைத்துவிடும். எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். காய் தரம் பிரிக்க நானும், ரோபோவைத் துடைத்துச் சார்ஜ் போடப் பெருமாயியக்காவும் மட்டும் மிஞ்சினோம்.

அக்காவுக்குப் புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. குடிலை ஒட்டி முதலாளி கொடுத்த தகரக் கொட்டகைதான் வீடு. வேலை போனால் அதுவும் போகும். இந்த மகசூல் நன்றாக வந்தால் வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் பார்க்கலாம் என்று சிவபிரகாஷ் சொல்லியிருந்தார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாதா என்ன?

ஆயுத பூஜை வந்தது. லாரிக்கும் போர்வெல் ரிக்குக்கும் பொட்டு வைக்கிற ஊர், ரோபோவை விடுமா? முதலாளியின் மனைவி ரஞ்சனி சந்தனத்தைக் குழைத்து, கேமராக் கண் இரண்டுக்கும் நடுவே தாராளமாக அப்பி, குங்குமமும் வைத்தாள். அதற்கு முன்னால் பெருமாயியக்காவை வெளியே போய் நிற்கச் சொன்னாள். தாலி அறுத்தவள் கை பொட்டில் படக்கூடாதாம். தினமும் அந்த மிஷினைக் குளிப்பாட்டாத குறையாகப் பார்த்துக்கொள்கிறவளிடம் பேசுகிற பேச்சா இது? அக்கா வெளியே போய் நின்றாள்.

வெக்கை தணிய உள்ளே புகைபோலத் தண்ணீர் தெளிப்பார்கள். அதில் சந்தனம் கரைந்து, கண்ணில் வழிந்து, அப்படியே காய்ந்துவிட்டது. அக்கா ரஞ்சனியிடம் ஓடி, வந்து துடைத்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள். பூஜைப் பொட்டை அழிக்கக்கூடாது, தானாக உதிரட்டும் என்று பதில் வந்தது. முதலாளியோ நாமக்கல்லில் உட்கார்ந்து செல்போனிலேயே விவசாயம் பார்க்கிறவர். ரோபோ பூவைக் கண்டாலும் காணாவிட்டாலும், வரிசையைச் சுற்றி முடித்தால் வேலை முடிந்ததென்று செல்போனில் பச்சை விழுந்துவிடும். தினமும் பச்சைதான் விழுந்தது. பூவெல்லாம் காய் பிடிக்காமல் உதிர்ந்து கொட்டிய பிறகுதான் மனுஷன் ஓடி வந்தார்.

"பாத்துட்டுத்தான இருந்தே? தொடச்சு உடறதுக்கு என்ன?" என்று அக்காவைப் பார்த்துக் கத்தினார்.

அக்கா நிதானமாகச் சொன்னாள். "வெக்கறதுக்கு ஆகாத கை, அழிக்கறதுக்கு மட்டும் ஆகுமுங்களா?"

ரஞ்சனி தலையைத் திருப்பிக்கொண்டாள். முதலாளிக்கு விஷயம் புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. புரிந்து என்ன பிரயோஜனம்? பொழுது சாய்வதற்குள் கொட்டகையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

பஸ் நிறுத்தம் வரை அவளுடைய பாத்திர மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். இருந்த கோபத்தில் அவளையே திட்டினேன். ஆள் இல்லாத நேரத்தில் யாருக்கும் தெரியாமல் துடைத்துத் தொலைத்திருக்கக் கூடாதா, தலைக்கு மேல் தகரமாவது மிஞ்சியிருக்குமே என்றேன்.

"துணியெல்லாம் எடுத்துட்டுப் போனனே சாமி," என்றாள் அக்கா. "நானு தொடச்ச பொறகு அது நின்னு போயிருந்தா? அறுத்தவ கை பட்டுத்தான் நின்னுச்சுன்னு சொல்லுவாங்கல்ல."

பஸ் வந்தது, மூட்டையை ஏற்றிவிட்டேன். எந்த ஊருக்கு டிக்கெட் எடுக்கப் போகிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.